ஒரே கட்டை, மூன்று குழல்

போன வாரம் பிரான்சிலிருந்து தம்பி கூப்பிட்டான். கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணே, துப்பாக்கிய பாப்பா பேருக்கு மாத்திட்டேன்" என்றான்.

அந்தத் துப்பாக்கி வாங்கியபோது நானும் கூட இருந்தேன். பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்துத் தள்ளிப் போட்டேன். வேட்டை என்றால் நம்மவர்களில் பலருக்கு முகம் சுளிக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனாலும் எழுதுகிறேன்.

தம்பி என்பது பெரியம்மா மகன். பெரியப்பா சொல்தா; இந்தோசீனப் போருக்குப் போய்த் திரும்பியவர். 1962 ஆகஸ்டு 16ஆம் தேதி ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது ஆறு மாதத்துக்குள் எந்த நாட்டுக் குடியுரிமை என்று முடிவு செய்ய வேண்டியிருந்ததே, அப்போது அவர் பிரான்சை எடுத்துக்கொண்டார். என் அப்பா இந்தியராகவே இருந்துவிட்டார். அதனால் ஒரே திண்ணையில் விளையாடிய எங்களில் ஒருவன் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனான். ஒருவன் புதுச்சேரி சர்க்காரில் குமாஸ்தா ஆனான். பட்டாளத்திலிருந்து வந்தபின் தம்பி லொரேன் பகுதியில் எபினால் நகருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வீடு வாங்கித் தங்கிவிட்டான். சுற்றிலும் காடு.

நானோ உத்தியோகத்தில் ஏழு வருடம் ஆயுத லைசென்ஸ் பிரிவில் இருந்தவன். ஒரு நாளும் துப்பாக்கியைத் தோளில் வைத்ததில்லை. ஆனால் காகிதத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். 12 போர் ரெட்டைக் குழல், 315 போர் ரைஃபிள், அதன் நம்பர், உரிமையாளர் பெயர், காலாவதி தேதி. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வருவார்கள். (2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருடம், மூன்று துப்பாக்கி வைத்திருக்கலாம் என்றிருந்தது இரண்டாகிவிட்டது.) 303 போர் கேட்டு யாராவது மனு கொடுத்தால், அது பட்டாளத் தோட்டா, தடை செய்யப்பட்ட போர் என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்புவோம்.

2014 அக்டோபரில் தம்பி வீட்டில் ஒன்றரை மாதம் தங்கியிருந்தேன். போன இரண்டாம் நாளே அவன் ஒரு விலைப்பட்டியலை என் முன் வைத்தான். "அண்ணே, நீங்க பைலுல பாத்த துப்பாக்கி எல்லாம் ஒரு உடம்புக்கு ஒரு குழல். இது அப்படி இல்ல."

ஜெர்மனியின் தெற்கே ஈஸ்னி என்ற ஊரில் செய்யப்படும் ப்ளாசர் ஆர் 8 என்ற ரைஃபிள் அது. 2008இல் வந்தது. அதற்கு முந்திய ஆர் 93, வந்த வருடத்தையே பெயராகக் கொண்டது. விஷயம் இவ்வளவுதான். தோளில் ஊன்றும் கட்டை ஒன்று, விசை ஒன்று. குழல் மட்டும் கழற்றி மாட்டலாம். அடிப்பக்கம் இரண்டு திருகு. அதற்கென்று ஒரு சாவி. இரண்டு நிமிடத்தில் ஒரு குழலைக் கழற்றிவிட்டு வேறு போர் குழலை மாட்டிவிடலாம். தோட்டாவின் அடிவட்டம் ஒரே அளவாக இருந்தால் வேறு ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை. அளவு மாறினால் போல்ட்டின் தலையையும், தோட்டா அடுக்கும் பெட்டியின் உள்பாகத்தையும் மாற்ற வேண்டும்.

எனக்கு முதலில் தோன்றியது, இதை ரெஜிஸ்டரில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதுதான். தம்பியிடம் கேட்டேன். சிரித்தான். அங்கே குழலும் ஆயுதத்தின் பாகம் என்ற கணக்கில் வருமாம். தனியாக வாங்கினாலும் பதிவு செய்ய வேண்டுமாம். அதைக் கேட்டதும் மனசு கொஞ்சம் ஆறியது. எந்த நாட்டிலும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்துதான் இருக்கிறான்.

அவன் திட்டம் மூன்று குழல். முதலாவது 30-06. 1906இல் அமெரிக்கப் பட்டாளத்துக்காக வந்த தோட்டா. 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டாளத் தோட்டா எதையும் பிரான்சில் வேட்டைக்காரன் சாதாரணமாக வைத்துக்கொள்ள முடியாது. நம் 303 கதையேதான். அந்தச் சட்டம் மாறி 2013 செப்டம்பரில்தான் 30-06 வேட்டைக்கடைகளில் தாராளமாக வந்திருந்தது. இரண்டாவது 9.3க்கு 62. முதல் எண் குண்டின் குறுக்களவு, இரண்டாவது தோட்டாக் கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். 1905இல் பெர்லினில் ஓட்டோ போக் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் செய்தது. பதினெட்டரை கிராம் குண்டு. மூன்றாவது 375. ஆப்பிரிக்க எருமைக்கு. சில நாடுகளில் அதற்குக் குறைந்த போரோடு எருமை வேட்டைக்குப் போகக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. தம்பி ஆப்பிரிக்கா போவதாக அதற்கு முன் ஒருநாளும் சொன்னதில்லை.

நான் பழக்கதோஷத்தால் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். துப்பாக்கி ஒரு குழலோடு மூவாயிரம் யூரோவுக்குக் கொஞ்சம் குறைவு. கூடுதல் குழல் ஒவ்வொன்றும் ஆயிரத்தை ஒட்டி. ஒரே ஸ்கோப்பை மாற்றி மாற்றிப் பொருத்தலாம்; ஆனால் ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு உயரத்தில் போய் விழும் என்பதால் குழலுக்கு ஒரு ஸ்கோப் வைத்துக்கொள்வதே நல்லது என்கிறார்கள். அதற்கும் ஸ்கோப்பைத் தாங்கும் பிடிக்கும் தனிச் செலவு. அன்றைக்கு யூரோ எண்பது ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. கூட்டிப் பார்த்தால் புதுச்சேரியில் நடுத்தரமான கார் ஒன்று வாங்கிவிடலாம்.

தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "மாமா, நீங்களாவது சொல்லுங்க. பாப்பா வீடு வாங்க முன்பணம் கட்டணும்னு வெச்சிருக்கிற காசு அது." தம்பி ஒன்றும் பேசவில்லை.

அன்று ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தபோதுதான் காரணத்தைச் சொன்னான்.

அந்த ஊர் வேட்டைச் சங்கத்தில் அவன் சேர்ந்து ஆறு வருடம். முப்பது பேரில் நம் நிறத்தவன் அவன் ஒருவன்தான். அங்கே காட்டுப்பன்றி வேட்டை பொழுதுபோக்கு மட்டும் இல்லை. பன்றி சோளக்காட்டையும் புல்வெளியையும் உழுது போட்டுவிடும். விவசாயிக்கு அந்த நஷ்டத்தை வேட்டைக்காரர்களின் கூட்டமைப்புதான் கட்ட வேண்டும். அதனால் சனி ஞாயிறு என்றால் வரிசையாக ஆட்களை நிறுத்தி, நாய்களை விட்டுக் கலைத்து, ஓடி வரும் பன்றியைச் சுட வேண்டும். போன ஜனவரியில் அவன் இடத்துக்கு ஒரு பெரிய பன்றி வந்தது. சுட்டான். குண்டு பின்னால் தள்ளி வயிற்றில் பட்டது. பன்றி புதருக்குள் ஓடிவிட்டது. பொழுது சாய்ந்துவிட்டதால் மறுநாள் காலையில்தான் ரத்த வாசனை பிடிக்கும் நாயோடு ஆள் வந்தார். இரண்டு மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தார்கள். அப்போதும் உயிர் இருந்தது.

"ராத்திரி பூரா அது அங்க கெடந்துது அண்ணே. வெளிய மைனஸ் ஆறு. நான் போர்வைக்குள்ள."

கொஞ்ச நேரம் கழித்து, "வேற எவனாவது அப்படி சுட்டா, அன்னிக்கு அவனுக்கு நேரம் சரியில்லன்னு சொல்வாங்க. நான் சுட்டா, அந்த இந்தியனுக்குச் சுடத் தெரியலன்னு சொல்வாங்க. யாரும் சொல்லல. ஆனா நான் கேட்டேன்" என்றான்.

பெரிய போர், நல்ல துப்பாக்கி, யாரும் குறை சொல்ல முடியாத துப்பாக்கி. மூன்று குழலின் கதை எனக்கு அப்போது விளங்கியது.

அடுத்த செவ்வாய்க்கிழமை எபினாலில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எழுபதைத் தொட்டவர். நீல மேலங்கி, காதில் ஒரு பென்சில். தம்பி பட்டியலைக் காட்டினான். அவர் அதைத் தொடவில்லை. இப்போது என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். 7க்கு 64, செகண்ட் ஹாண்டில் வாங்கியது. பட்டாளத் தோட்டா இல்லை என்பதால் அந்தத் தடைக் காலத்தில் பிரான்சு முழுக்கப் பரவியிருந்த போர் அது. "அந்தப் பன்றிக்குக் குண்டு எங்கே பட்டது?" என்று அவர் கேட்டார். தம்பி தன் வயிற்றைக் காட்டினான்.

"மிஸ்யூ, வயிற்றில் பட்டால் 9.3ம் இதே கதைதான். இடம் சரியாக இருந்தால் உங்களுடைய 7 போதும்" என்றார்.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் படித்த புண்ணியத்தால் எனக்கு ஒரு சொல் தவறாமல் புரிந்தது. தம்பி முகம் சிவந்ததும் தெரிந்தது.

பிறகு அவர் தம்பியின் பழைய ரைஃபிளை வாங்கினார். போல்ட்டைத் திறந்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்து, எங்களுக்கும் காலியாக இருப்பதைக் காட்டினார். சுவரில் ஒரு மான்தலை மாட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதை நோக்கித் துப்பாக்கியைத் தோளில் வையுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள் என்றார்.

"என்ன தெரிகிறது?"

"சுற்றிலும் கறுப்பு. நடுவில் கொஞ்சம்."

கடைக்காரர் அவன் பின்னால் போய் நின்று பார்த்தார். ஒரு அளவுகோல் எடுத்து விசையிலிருந்து கட்டையின் முனை வரை அளந்தார். பிறகு தம்பியின் முழங்கையை மடக்கச் சொல்லி அதையும் அளந்தார். நம் ஆள் ஐந்தடி நாலங்குலம். கட்டை ஆறடி மனிதனுக்குச் செய்தது. அதன்மேல் குளிர்காலத் தடிக் கோட்டு வேறு. கண் ஸ்கோப்புக்கு எட்டாமல் பின்னாலேயே நின்றுவிடுகிறது. நின்று நிதானமாகச் சுடும்போது கழுத்தை நீட்டிச் சரி செய்துகொள்ளலாம். பன்றி ஓடும்போது அதற்கு நேரம் ஏது? இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளம் அதிகம் என்றார்.

ஆறு வருடமாக அவனிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை. அவனும் ஒருவரிடமும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம். சர்க்கார் ஆபீசில் இந்த வியாதியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கே இருந்தது.

பழைய கட்டையையே அறுத்துக் குறைத்துவிடலாமே என்று நான் கேட்டேன். குறைக்கலாம் என்றவர், கைப்பிடிக்குப் பக்கத்தில் கோந்து போட்டு ஒட்டிய விரிசலைக் காட்டினார். "இதற்கு வேறு கட்டை வேண்டும். சாதாரண போல்ட் ரைஃபிள் இதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குத் தருகிறேன். அதுவும் பன்றியைக் கொல்லும். அல்லது இது."

குழல் மாற்றும் ரைஃபிளின் நல்லது கெட்டது இரண்டையும் அவர்தான் சொன்னார். கட்டையை ஒருமுறை உங்கள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்துவிட்டால் எந்தக் குழல் மாட்டினாலும் அதே கட்டை, அதே விசை, அதே கைப்பழக்கம். கை புதிதாக ஒன்றும் கற்க வேண்டாம். அதுதான் இதன் பெருமை, எத்தனை போர் என்பதல்ல. இன்னொன்று, கட்டைவிரலால் தள்ளினால்தான் சுடும் ஸ்பிரிங் இறுகும். பன்றி வரும்வரை தளர்ந்தே இருக்கும். கழற்றினால் சின்னப் பெட்டியில் அடங்கும். கெட்டது என்னவென்றால் விலை. குழலை மாற்றி மாட்டியபின் ஒரு குண்டாவது இலக்கில் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்குப் போகக் கூடாது. இரண்டு போர் தோட்டாவை ஒரே சட்டைப் பையில் போடவே கூடாது. "எல்லாவற்றையும் விட, மூன்று குழல் வைத்திருப்பவன் எதிலும் முழுதாகப் பழகுவதில்லை" என்றார்.

விற்கவே மனமில்லாத வியாபாரி போலப் பேசுகிறாரே என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த வெள்ளிக்கிழமை எங்களைச் சுடும் பயிற்சி இடத்துக்கு வரச் சொன்னார். கட்டை குட்டையான ஒரு ரைஃபிளும் மூன்று குழலும் கொண்டுவந்திருந்தார். 7, 30-06, 9.3. மூன்றுக்கும் தோட்டாவின் அடிவட்டம் ஒன்றுதான் என்பதால் குழலை மட்டும் மாற்றினால் போதும். நூறு மீட்டரில் தம்பி ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு சுட்டான். 7இல் சுட்ட ஐந்தையும் என் உள்ளங்கையால் மறைத்துவிடலாம். 30-06 கொஞ்சம் பரந்தது. 9.3 தாள் முழுக்க இறைந்து கிடந்தது.

தம்பி குழலைக் குறை சொன்னான். கடைக்காரர் பதில் பேசாமல் தாமே தோட்டா அடுக்கிக் கொடுத்தார். இரண்டாவது தடவை விசையை அழுத்தியபோது வெடிக்கவில்லை. நடுவில் ஒரு போலித் தோட்டா வைத்திருக்கிறார்! ஆனால் வெடிக்காத அந்தத் தோட்டாவுக்கும் குழல் முனை நாலு விரற்கடை தாழ்ந்தது. தம்பி கண்ணை இறுக மூடியிருந்தான். உதை வரும் என்று உடம்பு முன்கூட்டியே பயப்படுகிறது. பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவனுக்கு இதைவிட அவமானம் வேண்டியதில்லை. ஆனால் அவன் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தான். எபினாலுக்குப் போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் அவன் மனைவியிடம் ஒன்றுவிடாமல் சொன்னான், பன்றி கிடந்த ராத்திரியையும் சேர்த்து. அதை அவளிடம் அதுவரை சொன்னதில்லையாம். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சாதாரண ரைஃபிளே போதும் என்று நான் என் கட்சியை எடுத்து வைத்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வாங்கட்டும் மாமா. இவ்வளவு வருசத்துல அவரு தனக்குன்னு ஒண்ணும் அளவெடுத்து வாங்கினதில்ல. ஆனா ஒரே குழல்" என்றாள்.

அப்படியே ஆயிற்று. ஆர் 8, அவன் அளவுக்குக் குறைத்த கட்டை, ஒரே குழல். அதுவும் 7க்கு 64. பெரிய போர் தேடிப் போனவன் பழைய போரோடு திரும்பினான். வீட்டில் மிச்சமிருந்த நாலு பெட்டி தோட்டாவும் வீணாகவில்லை. இதில் எனக்குத் தனி திருப்தி.

நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை என்னையும் வேட்டைக்கு அழைத்துப் போனான். எனக்கும் ஒரு ஆரஞ்சுச் சட்டை மாட்டிவிட்டான். அவன் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி நட்டான். பக்கத்தில் நிற்பவர் இருக்கும் திசையில் முப்பது பாகை வரை சுடக் கூடாது. அந்தக் குச்சிதான் எல்லை. கொம்பு ஊதினார்கள். அரைமணி நேரம் கழித்து நாய்ச் சத்தம் நெருங்கியது. ஒரு பன்றி எங்களைக் கடந்து ஓடியது. தம்பி துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனான். சுடவில்லை. இறக்கிவிட்டான்.

"ஏன்டா?"

"குச்சிக்கு அந்தப் பக்கம் போயிடுச்சு அண்ணே."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். அதற்கு முந்திய வருடமாக இருந்தால், யாராவது பார்க்கிறார்களோ என்று அவன் தவித்திருப்பான் என்று எனக்குப் பட்டது. மதியம் அடுத்தவர் சுட்ட பன்றியில் எங்களுக்கும் பங்கு கிடைத்தது. தம்பி மனைவி மிளகும் வினிகரும் போட்டு ஊற வைத்து, ஊரிலிருந்து நான் கொண்டுபோன வடவத்தைத் தாளித்து வைத்தாள். நானும் சாப்பிட்டேன்.

இரண்டாவது குழலை அவன் வாங்கவே இல்லை. அதற்கு ஒதுக்கிய காசில் மாதம் ஒருமுறை பயிற்சி இடத்துக்குப் போனான். பாப்பா வீடு வாங்கிவிட்டாள். மூன்று வருடம் கழித்து, வேட்டையின்போது ஆட்களை அவரவர் இடத்தில் நிறுத்தும் வரிசைத் தலைவராகச் சங்கத்தில் அவனைப் போட்டார்கள். ஒவ்வொருவருக்கும் எங்கே சுடலாம், எங்கே கூடாது என்று காட்ட வேண்டிய பொறுப்பு அது. அந்தப் பொறுப்பு வந்த நாளில் எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். ஆப்பிரிக்கப் பேச்சு பிறகு எழவில்லை.

போன வாரம் போனை வைக்கும் முன், "பாப்பா என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

"அவளும் 9.3 குழல் வாங்கலாமான்னு கேட்டா அண்ணே."

"நீ என்ன சொன்ன?"

"மொதல்ல கண்ண மூடிக்கிட்டு தோள்ல வையின்னேன். அவளுக்குக் கட்டை இன்னும் ஒரு சென்டிமீட்டர் கம்மி பண்ணணும்."